பூட்டு காக்காத வீடுகள்

கேரளத் தலைநகரில் ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் விளக்கெரியும் வீடுகள் ஏராளம். திருடன் மட்டுமல்ல, மழை, கறையான், கொசு, போலிப் பத்திரம் என்று அவற்றுக்கு எதிரிகள் பலர்.

திருவனந்தபுரத்தில் வசதி படைத்தோர் வாழும் ஜவஹர் நகரில் ஒரு வீடு. உரிமையாளர் இருப்பது அமெரிக்காவில். அந்த வீட்டைக் களவாடியவர்கள் கதவு வழியாக வரவில்லை. பத்திரப் பதிவு அலுவலகம் வழியாக வந்தார்கள். 2025 ஜனவரியில், உரிமையாளரின் சாயல் கொண்ட ஒரு பெண்ணை அழைத்துவந்து, போலி ஆவணங்களைக் காட்டி, ‘வளர்ப்பு மகள்’ ஒருவருக்கு வீட்டைத் தானமாக எழுதிக்கொடுத்ததாகப் பதிவு செய்தார்கள் என்கிறது போலீஸ். அடுத்து அந்த வீடு இன்னொருவருக்கு விற்கவும்பட்டது. உண்மையான உரிமையாளருக்கு எதுவும் தெரியாது. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர் வழக்கம்போல் வரி கட்டப் போனார். பதிவேட்டில் பெயர் மாறியிருந்தது. மோசடி வெளிச்சத்துக்கு வந்தது, கைதுகள் தொடர்ந்தன.

பூட்டிய வீடுகளைப் பற்றி கேரளம் கற்ற பாடங்களில் இது புதியது. ஆனால் சாரம் பழையதுதான். மோசடியைப் பிடித்தது பூட்டோ கேமராவோ அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை சில நூறு ரூபாய்க்கு ரசீது வாங்கப் போகும் ஒரு மனிதரின் பழக்கம்.

இத்தகைய மனிதர் தேவைப்படும் வீடுகள் எத்தனை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கேரளத்தில் இருந்த சுமார் 1.12 கோடி கட்டடங்களில் ஏறக்குறைய 12 லட்சம் காலியாகக் கிடந்தன. பத்தில் ஒன்றுக்கும் மேல். கட்டி முடித்து விற்காத வீடுகள், வழக்கில் சிக்கியவை, வாடகைக்கு ஆள் கிடைக்காதவை எல்லாம் இதில் அடக்கம். 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் ஒப்பிட்டுப் பார்க்கப் புதிய எண்ணிக்கை கிடைக்காமல் போயிற்று. ஆனால் காரணம் தெரிந்ததே. கேரள இடம்பெயர்வு ஆய்வு 2023இல் கணக்கிட்டபடி, சுமார் 22 லட்சம் மலையாளிகள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

இவர்கள் விடுமுறைக்கென்று தனியாக வீடு கட்டியவர்கள் அல்ல. ஊரில் வாழ்வதற்காகக் கட்டினார்கள். வேலை அவர்களைத் துபாயிலும் தோஹாவிலும் நிறுத்திவிட்டது. பெற்றோர் இருந்தவரை வீட்டில் ஆள் இருந்தது. அவர்கள் காலமான பிறகு, அல்லது முதியோர் இல்லத்துக்கோ பிள்ளைகளிடமோ போன பிறகு, சொந்த வீடே விடுமுறை இல்லமாக மாறிவிட்டது. வளைகுடாப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். அப்போது வந்து கதவைத் திறப்பவர்கள் முதலில் சந்திப்பது பூஞ்சை வாடையைத்தான்.

நீர்தான் முதல் திருடன்

கேரளத்தில் ஒரு வீட்டுக்கு ஆண்டில் இரண்டு சோதனைக் காலங்கள் உண்டு. ஜூன் முதல் வாரத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு வரும் ‘துலாவர்ஷம்’ இன்னொன்று. மாநிலத்தின் வட பகுதிகளோடு ஒப்பிட்டால் தலைநகரில் பெய்வது குறைவுதான். ஆனால் வருடத்தில் பெரும்பகுதி ஈரப்பதம் குறைவதே இல்லை. கோவளம், வேளி, சங்குமுகம் பக்கம் போனால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். இரும்புக் கிராதி, கீல், பூட்டு எதையும் அது விட்டுவைப்பதில்லை.

சேதம் பெரும்பாலும் மொட்டை மாடியில் தொடங்கும். தென்னை மட்டையும் மாவிலையும் விழுந்து நீர் இறங்கும் குழாயை அடைத்துவிடும். ஒரு வாரம் நீர் தேங்கினால் கான்கிரீட்டில் உள்ள மயிரிழை விரிசல் போதும். ஈரம் உள்ளே இறங்கும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்தால் காரை பெயர்ந்து விழும். ஆள் இருந்திருந்தால் ஒரு துடைப்பத்தோடு அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை, மூன்று ஆண்டு கழித்துக் கூரையையே மாற்றும் செலவாகிறது. இருமுறை மாடியையும் தூம்புக் குழாய்களையும் சுத்தம் செய்வது — மே கடைசியில் ஒருமுறை, அக்டோபர் தொடக்கத்தில் ஒருமுறை — பூட்டிய வீட்டுக்குச் செய்யக்கூடிய மிக மலிவான காப்பீடு.

அடுத்தது கறையான். மண்ணிலிருந்து சுவர் வழியே மண்குழல் கட்டிக்கொண்டு ஏறும் இந்தப் பூச்சிக்கு வேண்டியவை ஈரம், இருட்டு, தொந்தரவின்மை. மூன்றும் பூட்டிய வீட்டில் இலவசம். சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் முதுகுப் பலகையில் தொடங்கி, துணிமணி, புத்தகம், கதவு நிலை என்று போகும். வெளியே பார்த்தால் மரம் முழுசாக இருக்கும். தட்டினால்தான் உள்ளே கூடு என்று தெரியும். மரச் சாமான்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைப்பதும், சுவரின் அடிப்பகுதியை மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பதும், மண்குழல் கண்டால் தட்டி உடைப்பதோடு நிற்காமல் மருந்தடிப்பவரைக் கூப்பிடுவதும் வேண்டும்.

மூன்றாவது, காற்று இல்லாமை. பழைய திருவிதாங்கூர் கட்டடக் கலைக்கு இந்தப் பிரச்சினை தெரிந்திருந்தது. பத்மநாப சுவாமி கோயிலை அடுத்துள்ள குதிரை மாளிகை இதற்கு நல்ல உதாரணம். சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய இந்த அரண்மனை, அவர் 1846இல் இறந்த பிறகு நூறாண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்தது. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அதில் 122 மரக் குதிரைகளும் கூரையைத் தாங்கி நிற்கக் காணலாம். சரிந்த ஓட்டுக் கூரை நீரைத் தங்கவிடாது. மர அழிகள் காற்றைத் தடுக்காது. லாரி பேக்கரும் இதையே செங்கல்லில் செய்தார். உள்ளூரில் அவர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் சுவர்களில் உள்ள செங்கல் ஜாலிகளை யாரும் மூட முடியாது. அவை எப்போதும் மூச்சு விடும். மலையாளிகள் ஊரைவிட்டுப் போவதைக் கணக்கெடுக்கும் இடம்பெயர்வு ஆய்வை 1998இல் தொடங்கியதும் இதே மையம்தான்.

இன்றைய வீடுகளின் கதை வேறு. கண்ணாடி ஜன்னல், குளிர்சாதன அறை, காற்றுப் போகாத தட்டைக் கூரை. குடும்பம் உள்ளே இருக்கும்போது வசதி. பூட்டிவிட்டால் ஒரு பெட்டி. எனவே பூட்டிய வீட்டுக்குள் எல்லாம் பூட்டிக் கிடக்கக் கூடாது. அறைக் கதவுகளும் அலமாரிக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும். மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்துவைப்பது நல்லது. பிரிட்ஜைக் காலிசெய்து, துடைத்து, கதவு மூடாதபடி ஒரு துணியைச் செருகிவைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது வந்து ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறிகளைச் சுழலவிட்டு, கிணற்று மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஓடாத மோட்டார் இறுகிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரி மாதக் கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தால் செத்துவிடும். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றிவைப்பதும், மின்னல் காலத்தில் டி.வி. முதலானவற்றின் பிளக்கைப் பிடுங்கிவைப்பதும் சொல்லாமலே செய்ய வேண்டியவை.

அடுத்த வீட்டின் காய்ச்சல்

இதுவரை சொன்னவை உரிமையாளரின் நஷ்டம். பூட்டிய வீடு மற்றவர்களுக்குத் தரும் நஷ்டமும் உண்டு. அதைச் சுமந்து வருவது ஏடிஸ் கொசு.

டெங்குவைப் பரப்பும் இந்தக் கொசு சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதம் உயிரோடு காத்திருக்கும். இதனால்தான் கேரள சுகாதாரத் துறை வாரம் ஒரு ‘டிரை டே’ வைத்தது: வெள்ளி பள்ளிகளில், சனி அலுவலகங்களில், ஞாயிறு வீடுகளில் நீர் தேங்கும் இடங்களைக் கவிழ்க்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் பூட்டிய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. ஆஷா பணியாளர் தெருவில் எல்லா வீட்டுப் பூந்தொட்டிகளையும் பார்த்துவிட்டு, அந்த ஒரு கேட் முன்னால் நின்று திரும்பிவிடுவார். உள்ளே கழிப்பறைக் கோப்பை, ஃப்ளஷ் தொட்டி, மூடி சரியாக இல்லாத மாடித் தொட்டி, சன்ஷேடு என்று கொசுவுக்கு நான்கைந்து இடம். இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. சில நூறு மீட்டருக்குள்தான் அதன் ராஜ்ஜியம். உரிமையாளர் அபுதாபியில் நலமாக இருப்பார். காய்ச்சலில் படுப்பது அடுத்த வீட்டுக் குழந்தை.

இது அண்டை வீட்டார் மனக்கசப்போடு முடியும் சங்கதி அல்ல. கேரளம் 2023இல் கொண்டுவந்த பொது சுகாதாரச் சட்டம், கொசு வளர இடம் கொடுப்பவருக்குத் தண்டனை விதிக்க வழிசெய்கிறது. வீட்டைப் பூட்டும் நாளில் ஃப்ளஷ் தொட்டியைக் காலிசெய்து, கோப்பையை மூடி, மாடித் தொட்டியை வடித்துக் காயவிட்டு, காற்றுக் குழாய்களின் வாயில் வலை கட்டினால் போதும். தரைச் சாக்கடைத் துளைகளில் உள்ள நீர் வற்றினால் கரப்பானும் நாற்றமும் ஏறிவரும். நீர் ஊற்றி, மேலே சிறிது எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது, கொசுவும் முட்டையிடாது.

திரும்பி வரும் நாளிலும் எச்சரிக்கை வேண்டும். 2024இல் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரைப் பகுதியில் மூளையைத் தாக்கும் அமீபாக் காய்ச்சல் பலரைப் படுக்கவைத்தது. மறு ஆண்டு நோய் பரவலாகவே, ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் கிணறுகளில் குளோரின் போட்டு, தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவும் இயக்கத்தை அரசு நடத்தியது. மூக்கு வழியாக நீர் ஏறும்போதுதான் இந்த அமீபா ஆபத்து. மாதக்கணக்கில் தேங்கிய தொட்டி நீரில் விமானக் களைப்போடு வந்தவுடன் குளிப்பது கூடாது. தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். கிணற்றில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்ற வேண்டும். காடு மண்டிய தோட்டத்தில் இறங்குமுன் தடியால் தட்டிப் பார்ப்பதும் நலம். பாம்பு கண்டால் வனத் துறையின் ‘சர்ப்பா’ செயலி வழியாகப் பயிற்சி பெற்றவரை அழைக்கலாம்.

பதினான்கு நாள் காவல்

திருட்டு பயமும் பொய்யல்ல. பல மாநிலங்களில் கைவரிசை காட்டிய பண்டிச் சோர் 2013 ஜனவரியில் தலைநகரின் முட்டடையில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, காரையும் ஓட்டிக்கொண்டு போனார். நவீனப் பாதுகாப்புச் சாதனங்கள் பொருத்திய வீடு அது. கேமரா அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அடையாளம் காட்டியது. சில நாட்களில் புனேயில் பிடிபட்டார். கேமராவின் எல்லை இதுதான். நடந்ததை அது சொல்லும். ஓடிவர ஆள் இருந்தால்தான் பயன்.

கேரளப் போலீசின் ‘போல்–ஆப்’ செயலியில் பூட்டிய வீட்டைப் பற்றித் தகவல் தர வசதி செய்யப்பட்டது. முகவரி, போகும் நாள், வரும் நாள், பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்தால் ரோந்து போலீசார் ஒரு கண் வைப்பார்கள். ஆனால் அதிகபட்சம் 14 நாள். ஊட்டிக்குப் போகும் குடும்பத்துக்கு இது உதவும். பதினோரு மாதம் போகிறவருக்கு? அவருடைய காவலை அவரேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் செய்யும் தவறுகள் பல. பகலிலும் எரியும் வாசல் விளக்கு ‘இங்கே ஆளில்லை’ என்று அறிவிக்கும் பலகை. கேட்டுக்குள் குவியும் விளம்பரத் தாள்களும் கடிதங்களும் அப்படியே. மாலையில் எரிந்து காலையில் அணையும் டைமர் விளக்கு, கூட்டிப் பெருக்கிய முற்றம், எட்டிப் பார்த்தால் தெரியும் ஒரு ஜோடிச் செருப்பு இவை நம்பகமானவை. மீட்டர் கேட்டுக்கு உள்ளே இருந்தால் ரீடிங் எடுக்க வருபவர் திரும்பிப்போவார்; மின்வாரிய செக்‌ஷன் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, முன்பணம் கட்டிவைப்பது பின்னால் வரும் நோட்டீசைத் தவிர்க்கும். காப்பீடு எடுத்தவர்கள் பத்திரத்தின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்: பல பாலிசிகளில், வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. தெரிவிக்காவிட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே இடறும்.

சாவி யார் கையில்?

ஒரு காலத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் உள்ள தமிழ் அக்கிரகாரங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஊருக்குப் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாமி விளக்கேற்றினார், வாசலில் கோலம் போட்டார். கறையான் வந்தால் அவர் சுவருக்கும் அதுவே ஆபத்து என்பதால் உடனே தெரிந்தது. இன்று பல வீடுகளில் அந்த மாமியும் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ பிள்ளையோடு இருக்கிறார். தெருவில் ஒரு வீடு காலியானால் அடுத்த வீடு காத்தது. அடுத்த வீடும் காலியானபோது அந்த முறையே முடிந்துபோயிற்று.

உறவு செய்த வேலையை இனிச் சம்பளமும் எழுத்தும் செய்ய வேண்டும். பராமரிப்பவருக்குத் தொகை பேசி, வேலைகளைப் பட்டியலிட்டு, மாதம் இருமுறை அறைவாரியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது இப்போது பரவிவரும் வழக்கம். இதையே தொழிலாகச் செய்யும் சிறு நிறுவனங்களும் முளைத்திருக்கின்றன. வீட்டிலேயே தங்க வைப்பதானால் என்ன உரிமையில் தங்குகிறார் என்பதை எழுதி வாங்குவது அவசியம். உரிமையாளருக்கு எதிராக 12 ஆண்டு தொடர்ந்து அனுபவித்தவர் சொத்துக்கே உரிமை கோர முடியும் என்ற 1963 காலவரையறைச் சட்டத்தின் நிழல் பலரைப் பயமுறுத்துகிறது. ஆனால் காவலாளி, வேலையாள், பராமரிப்பாளர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அதனால் சொத்தில் உரிமை பெற மாட்டார் என்று 2012இல் ஒரு கோவா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் பராமரிப்பாளர்தான் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டும். வாய்ப்பேச்சில் வைத்தவர்கள்தான் கோர்ட் படி ஏறுகிறார்கள். அதேபோல், வரி கட்டவும் பழுது பார்க்கவும் மட்டும் அதிகாரப் பத்திரம் கொடுத்தால் போதும். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து எழுதிக்கொடுப்பது வீட்டையே கொடுப்பதற்குச் சமம்.

ஜவஹர் நகர் சம்பவத்துக்குப் பிறகு இன்னொரு கடமையும் சேர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது நில வரியும் கட்டட வரியும் தன் பெயரிலேயே ஏற்கப்படுகின்றனவா என்று பார்ப்பதும், வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதும். இரண்டையும் இணையத்தில் வெளிநாட்டிலிருந்தே செய்ய முடியும்.

வரியா, வாடகையா?

பூட்டிய வீடுகள் அரசின் கண்ணிலும் பட்டிருக்கின்றன. 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் கே.என். பாலகோபால், நீண்டகாலம் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குத் தனி வரி விதிக்கும் யோசனையை முன்வைத்தார். ஊரில் ஒரு கூரை வேண்டும் என்று வெயிலில் உழைத்துக் கட்டியவர்களைத் தண்டிப்பதா என்று வெளிநாடுவாழ் மலையாளிகள் கொதித்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2025 பட்ஜெட்டில், அதே அமைச்சர் அதே வீடுகளுக்கு வேறு வழி சொன்னார்: ‘கே–ஹோம்ஸ்’. ஆளில்லா வீடுகளைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் இடமாக்கும் திட்டம். கோவளம், குமரகம், மூணாறு, போர்ட் கொச்சி ஆகியவற்றின் 10 கி.மீ. சுற்றளவில் முதலில் சோதனை, ஒதுக்கீடு ரூ. 5 கோடி.

கோவளத்துக்கு இது பழகிய கதைதான். திருவிதாங்கூர் அரச குடும்பம் கடற்காற்று வாங்க 1932இல் கட்டிய ஹால்சியன் மாளிகை, பின்னாளில் கைமாறி ஹோட்டல் வளாகத்தின் பகுதியானது. அதன் உரிமையைப் பற்றிய தகராறு பல ஆண்டு நீடித்தது. அரச குடும்பத்து விடுமுறை இல்லத்துக்கே அந்தக் கதி என்றால், ஓய்வு பெற்றதும் திரும்பி வரலாம் என்று காத்திருக்கும் சாமானியர் தன் படுக்கையறையை அந்நியருக்குத் திறந்துவிடத் தயங்குவதில் வியப்பில்லை. பொருள்களை ஒரு அறையில் பூட்டிவிட்டு மீதியை வாடகைக்கு விடலாம். வருமானமும் வரும், வீடும் மூச்சு விடும். ஆனால் ஓணத்துக்கு வரும்போது தன் வீட்டில் தானே விருந்தாளியாக இறங்க வேண்டும் என்பதைப் பலரால் ஏற்க முடிவதில்லை.

வாடகைக்கு விட மனமில்லாதவர் பூட்டத்தான் போகிறார். அவர் கணக்குப் போட வேண்டியது ஒன்றே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கதவைத் திறக்க ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளம், பத்து ஆண்டுக்குச் சேர்த்துப் பார்த்தாலும், ஒரு கூரையை மாற்றும் செலவை எட்டுவது அரிது. அந்தச் சம்பளத்தை மிச்சப்படுத்துகிறவர்கள் ஓய்வு பெற்று வந்திறங்கும் நாளில், வீட்டுக்குள் நுழையாமல் ஹோட்டலில் அறை எடுத்துக்கொண்டு கொத்தனாரைத் தேடுகிறார்கள்.